துல்யதா என்று ஒரு வார்த்தை சொன்னேன்

அளவற்ற அருளாளனின் பெயரைச் சொல்லித்தான் எதையும் தொடங்கிப் பழக்கம். இதையும் அப்படியே தொடங்குகிறேன்.

நம் பாலக்காட்டுக் கல்லூரியின் அட்மிஷன் கவுண்டருக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும், பழைய ஆள் என்ற முறையில் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். எனக்குக் கோர்வையாக எழுத வராது. பேசுகிற மாதிரியேதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் ஆபரேஷன் செய்த பிறகு ஒரு பக்கம் எழுதினால் கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுக்க வேண்டியிருக்கிறது. அதனால் இந்தக் காகிதங்களை முடிக்க எனக்குப் பத்து நாள் ஆகிவிட்டது.

அப்ளிகேஷன் பாரம் நிரப்புவதும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் என்ன கேட்கிறார், இந்தப் பக்கம் இருக்கிற நம் காதில் என்ன விழுகிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆற்றளவு தூரம் இருக்கிறது. அதில் நான் விழுந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் சின்னதாக ஒன்று. எலப்புள்ளிக்காரர் ஒருவர், முப்பது வயதிருக்கும். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் முடித்துவிட்டு அப்படியே யூனிஃபார்மோடு வந்திருந்தார்.

"ஏனுங்க, நான் பி.எஸ்ஸி. பாட்டனி முடிச்சவனுங்க. செடி கொடி படிச்சவன் கணக்குப் படிக்கப்படாதுன்னு ஏதாச்சும் சட்டம் இருக்குதுங்களா?"

நான் தலையைத் தூக்காமல் சொன்னேன்: "இங்க எம்.காமுக்கு பி.காம், பி.பி.ஏ. இருக்கணுங்க. உங்களுக்கு எலிஜிபிள் இல்லை."

"அப்புடீங்களா. சரீங்க." அவ்வளவுதான், போய்விட்டார். கேள்வியை நன்றாகத்தான் கேட்டிருந்தார், சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார்.

அவர் கேட்டது, கணக்குப் படிக்க வழி உண்டா என்று. நான் சொன்னது, நம் கல்லூரியில் இடம் உண்டா என்பதற்கான பதில். எந்த டிகிரி முடித்தவரும் நுழைவுத்தேர்வு எழுதி எம்.பி.ஏ. சேர்ந்து ஃபைனான்ஸ் எடுக்கலாம். மார்க் நிபந்தனை சரியாக இருந்தால் சி.ஏ.வுக்கும் சி.எம்.ஏ.வுக்கும் வேறு பாடம் படித்தவர்களையும் நேரடியாக எடுக்கிறார்கள். வேலையை விடாமல் தொலைதூரக் கல்வியில் படிக்கவும், அக்கவுண்டிங்கில் பி.ஜி. டிப்ளமோ செய்யவும் வழி இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் எனக்கு அன்றைக்கே தெரியும். வாயைத் திறக்கத்தான் சோம்பல். இந்த விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும், நீங்கள் அந்தந்த வருஷத்து விதியைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆனால் சொல்லுங்கள். இந்த மாதிரி எத்தனை பேரை "எலிஜிபிள் இல்லை" என்று அனுப்பினேனோ, அல்லாஹ்தான் அறிவான்.

இனி பெரியது.

ரிட்டயர் ஆக எனக்கு எட்டு மாதம் இருந்தது. எம்.காமுக்கு அலாட்மென்ட் எல்லாம் முடிந்து ஸ்பாட் அட்மிஷன் நடந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு சீட் பாக்கி. திங்கட்கிழமை நாலு மணிக்கு லிஸ்ட் அடைக்க வேண்டும். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணி தாண்டியிருந்தது. ஜும்ஆ தொழுகைக்குப் புறப்படத் தொப்பியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துவிட்டேன். அப்போதுதான் அம்மாவும் மகளும் கவுண்டருக்கு வந்தார்கள்.

இடுக்கி மலைமேல் உள்ள காந்தலூர்க்காரர்கள். விடியுமுன் ஜீப் பிடித்து மறையூர், அங்கிருந்து உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு என்று வண்டி மாறி மாறி வந்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் பூண்டுக் காட்டில் வேலை. சீசனில் டூரிஸ்ட் ஹோம்களில் ரூம் சுத்தம் செய்யவும் போவாராம். மகளின் பெயரை இங்கே மாற்றிச் சொல்கிறேன், ரேவதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எம் புள்ள சி.ஏ. முடிச்சிருக்குங்கய்யா," என்றார் அம்மா, ஃபைலை நீட்டிக்கொண்டே.

"சி.ஏ. முடிச்சவங்களுக்கு இங்க என்னம்மா வேலை?"

அந்தப் பெண்ணுக்கு வெட்கம் வந்துவிட்டது. "பி.காம் சி.ஏ. சார். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். ஊரெல்லாம் அம்மா இப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியுது."

"சும்மாருடி. சி.ஏ.ன்னு அவுகதானே போட்டிருக்காக, நானா எழுதுனேன்?"

நானும் சிரித்தேன். ரேவதி உடுமலையில் படித்தவள். மூணாறுப் பக்கம் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு காமர்ஸைத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காமல் கிடக்கிறதாம். எம்.காம், பிறகு பி.எட்., பிறகு தகுதித்தேர்வு என்று விரல் மடக்கிச் சொன்னாள். சித்தி கஞ்சிக்கோட்டில் இருக்கிறார், தங்க இடம் பிரச்சினை இல்லை. மார்க் லிஸ்டைப் பார்த்தேன். அந்தக் கடைசி சீட்டுக்கு வந்திருந்தவர்களில் அவளுக்குத்தான் மார்க் அதிகம்.

ஆனால் டிகிரி தமிழ்நாட்டுச் சர்வகலாசாலையுடையது. அது இங்கே உள்ள பி.காமுக்குச் சமம் என்று நம் சர்வகலாசாலை ஒரு காகிதம் தர வேண்டும். நம் ஆபீஸில் எல்லோரும் அதை மலையாளத்தில் துல்யதா என்றுதான் சொல்வோம். சர்டிபிகேட் கைக்கு வரக்கூட வேண்டாம், விண்ணப்பம் போட்ட ரசீது இருந்தாலே சேர்த்துக்கொள்வோம். அதற்கு அவள் படித்த கல்லூரியிலிருந்து சிலபஸில் சீல் வாங்கி, ஆன்லைனில் ஏற்றினால் போதும்.

இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகும். நான் மணியைப் பார்த்தேன்.

"துல்யதா இல்லாம பாரம் எடுக்க முடியாதும்மா. திங்கக்கிழமைக்குள்ள துல்யதா கொண்டு வாங்க."

அம்மாவின் முகம் மலர்ந்த மாதிரி இருந்தது. "துல்யதாதானேய்யா? இருக்குய்யா, வீட்ல இருக்கு!"

'இருக்கு' என்று காதில் விழுந்ததும் எனக்கு நிம்மதி. யாருடையது, எப்போது வாங்கினீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ரேவதி ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் நான் எழுந்துவிட்டேன். தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பெஞ்சு காலி. கூட்டம் குறைந்தது, அல்ஹம்துலில்லாஹ், என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

தொழுகையின் மேல் பழி போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 'ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள், தொழுதுவிட்டு வந்து விவரமாகச் சொல்கிறேன்' என்று சொல்லியிருந்தால் அவர்கள் காத்திருப்பார்கள். நாலு வண்டி மாறி வந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒரு பொருட்டா? காக்க வைப்பது மரியாதை இல்லை என்று நாம் நினைக்கிறோம். பாதி பதிலோடு திருப்பி அனுப்புவதுதான் பெரிய அவமரியாதை.

திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கு இருவரும் வந்தார்கள். அம்மாவின் கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. கவுண்டர் மேல் வைத்துத் துண்டைப் பிரித்தார்.

கண்ணாடி போட்ட ஃபிரேம். உள்ளே பத்தாங்கிளாஸ் துல்யதா சர்டிபிகேட். அம்மாவின் பெயரில்.

நம் ஊரில் துல்யதா என்றால் ஆபீஸுக்கு வெளியே எல்லோருக்கும் அதுதானே? சின்ன வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள், பெரியவர்களான பிறகு வகுப்புக்குப் போய் எழுதுகிற பத்தாங்கிளாஸ் பரீட்சை. அதற்கும் துல்யதா, இதற்கும் துல்யதா.

"மறையூர்ல ஃபிரேம் போட்டதுய்யா," என்றார். "சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருந்தேன். தாய் தகப்பன் படிப்பெல்லாம் பார்த்துத்தான் பெரிய காலேஜ்ல எடுப்பாகன்னு எங்களுக்குத் தெரியும்ல. அதான் கழட்டி எடுத்தாந்துட்டேன். பஸ்ல ஒருத்தரையும் தொட விடலை."

"நான் அப்பவே சொன்னேன் சார்," என்றாள் ரேவதி மெதுவாக. "ஒருவேளை எனக்குத்தான் ஏதோ கேக்கிறாங்களோன்னு. 'சார்தான் தெளிவா துல்யதான்னு சொன்னாரே, வேற எதுடி துல்யதா'ங்குது அம்மா."

போகும்போதும் வரும்போதும் இவர்கள் உடுமலை வழியாகத்தான் போயிருக்கிறார்கள். அவள் கல்லூரி இருக்கிற ஊர் வழியாக. வெள்ளிக்கிழமை சாயங்காலமே இறங்கி ஒரு சீல் வாங்கியிருக்கலாம்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். ஏனென்றால் தப்பு செய்கிறபோது மனுஷன் அவ்வளவு மோசமானவன் இல்லை. அந்தத் தப்பை மறைக்கிறபோதுதான் மோசமாகிறான்.

பாரத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும், உங்களுக்குத் தெரியும். துல்யதா: உண்டு, இல்லை. கடைசி நாள் அவசரத்தில் நம் ஆபீஸ் சூப்ரண்ட் மேடம் டிக்குகளை மட்டும்தான் பார்ப்பார். 'உண்டு' என்று இப்போது போட்டுவிட்டு, உண்மையானது வந்ததும் உள்ளே சொருகிவிடலாம். ஒருத்தருக்கும் தெரியாது. இந்தப் பெண்ணுக்கு நான் செய்த அநியாயத்தை நானே சரிசெய்ததாகவும் ஆகும். இப்படி ஒரு நியாயம் எனக்கு அரை நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. பேனாவை வைத்து 'உண்டு' பக்கத்தில் கோடு இழுக்கத் தொடங்கினேன்.

"சார், அது எங்கம்மாவோடதாச்சே."

"பரவால்லம்மா. உன்னோடது வந்ததும் மாத்தி வச்சுக்கலாம்."

"வரலைன்னா? எனக்கு சமம் இல்லைன்னு சொல்லிட்டா?"

"வரும்மா."

"ஒரு வருசம் படிச்ச பெறகு வெளிய போன்னு சொன்னா நான் யாரைப் போயிக் கேக்குறது சார்? அப்ப நீங்க இந்தச் சேர்ல இருப்பீகளா?"

எட்டு மாதம். அவளுக்கு அது தெரியாது. சும்மா கேட்டாள். ஆனால் என் கை நின்றுவிட்டது. அப்படி ஒரு வருஷம் படித்த பிறகு வெளியே அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு டி.சி. எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

அந்தப் பாரத்தைக் கிழித்தேன். ஃபைலை எடுத்துக்கொண்டு சூப்ரண்ட் மேடத்திடம் போனேன். அவர் பெயரை எழுதக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். மலையாளி, நம்மிடம் பாதித் தமிழில் பேசுவார்.

"மேடம், ஒரு தப்பாயிடுச்சு. என் தப்பு."

"என்ன சொல்லிக் கொடுத்தது அவங்ககிட்ட?"

"துல்யதா வேணும்னு."

"அத்தரயே?"

"அவ்வளவுதான்."

"அது பதிலா ராவுத்தரே? காயிதத்தோட பேராக்கும் அது." திட்டவில்லை. அவர் திட்டினால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு மணிக்கு முன்னே ரசீது வந்தால் சீட் அந்தக் குட்டிக்கு. வந்தில்லெங்கில் அடுத்த ஆள். அடுத்ததும் ஒரு பெண்குட்டிதான், பார்த்ததல்லே? காலைல ஒம்பது மணி முதல் அந்த பெஞ்சில் உண்டு."

பார்த்தேன். வெயிட்டிங் லிஸ்டில் அடுத்த பெயர். ஒரு டிபன் பாக்ஸைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு நாலு மணி வரை நடந்ததை நீட்டி எழுதினால் உங்களுக்குச் சலிப்பு. ரேவதி உடுமலையில் இருக்கிற தன் தோழிக்கு போன் செய்தாள். தோழி கல்லூரிக்கு ஓடினாள். துறைத்தலைவர் சாப்பிடப் போயிருந்தார். வந்தார், சீல் இருக்கிற அலமாரிச் சாவி வேறொருவரிடம். ரேவதி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அம்மா ஃபிரேமை மறுபடி துண்டில் சுற்றி, சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஓரமாக நின்றார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் தப்பு செய்தவர் மாதிரி அவர்தான் நின்றார்.

மூன்றே முக்காலுக்கு தோழியிடமிருந்து செய்தி: 'சீல் போட்டாச்சு, ஸ்கேன் பண்ணப் போறேன்.'

மூன்று ஐம்பத்தெட்டுக்குச் சூப்ரண்ட் மேடம் லிஸ்டோடு வெளியே வந்தார். இரண்டு பெண்களையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ராவுத்தரே, இன்னும் அரைமணி காக்கட்டே? நீங்க சொல்லு."

வேறு நாளாக இருந்தால் இதை என்னிடம் கேட்டிருக்க மாட்டார். தப்பு யாருடையதோ அவன்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. காக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காந்தலூர்ப் பெண்ணுக்கு சீட். என் மனசாட்சியும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கும். ஆனால் அந்த நிம்மதிக்கு விலை கொடுப்பது யார்? டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாளே, அவள். சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன காகிதங்களை எல்லாம் கொண்டு வந்தவள். என் தப்பை அவள் தலையில் எப்படிக் கட்டுவது?

ரேவதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அல்லாஹ்வே, இந்த ஒரு நிமிஷத்தைக் கடத்திவிடு என்று மனசுக்குள் கேட்டேன்.

"அடைச்சிடுங்க மேடம்," என்றேன்.

ரேவதி அழவில்லை. "சரி சார்" என்றாள். நாலு இருபத்தைந்துக்கு ஸ்கேன் வந்தது. ஏற்றினோம். ரசீதை நானே பிரின்ட் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ரசீது இருந்தது, சீட் இல்லை.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ரசீது வீணாகவில்லை. சில மாதத்தில் துல்யதா வந்தது. அடுத்த வருஷம் இடுக்கியிலேயே வேறொரு கல்லூரியில் எம்.காம் சேர்ந்துவிட்டதாக போன் செய்து சொன்னாள். நடுவில் ஒரு வருஷம் ஏதோ ரிசார்ட்டில் ரிசப்ஷனில் நின்றிருக்கிறாள். ஒரு வருஷம்தானே என்று நீங்கள் சொல்லலாம், நானும் பல தடவை சொல்லிப் பார்த்தேன். போனது என் வருஷமாக இருந்தால் அப்படிச் சொல்லலாம்.

அன்று சாயங்காலம் அவர்களோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், வெள்ளிக்கிழமை சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் அப்போது சொன்னேன். தமிழ்நாட்டிலேயே தொலைதூரத்தில் எம்.காம் சேர்ந்தால் சேரும்போது துல்யதா வேண்டாம், ஆனால் கேரளத்தில் டீச்சர் வேலைக்குப் போகும்போது அதைக் கேட்பார்கள். சி.எம்.ஏ. படித்தால் கம்பெனி வேலை கிடைக்கும், டீச்சராக முடியாது. நீ கேட்கிற வேலைக்கு எம்.காம்தான் வழி, அதனால் அடுத்த வருஷம் எந்தெந்தக் காகிதம் எந்த மாதத்தில் தயாராக இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். ஒரு பாரத்தின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ரேவதி அதைப் படித்துக்கொண்டே கொஞ்சம் முன்னால் நடந்தாள்.

அம்மா துண்டுச் சுருட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"அப்ப இது எதுக்கும் ஆகாதாய்யா?"

ஆபீஸில் ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். நானும் பத்தாங்கிளாஸில் தோற்றவன்தான். பியூனாகச் சேர்ந்தவன். பிள்ளைகள் பிறந்த பிறகு சாயங்கால வகுப்புக்குப் போய் துல்யதா எழுதித்தான் கிளார்க் ஆனேன். "இந்தக் காயிதம்தாம்மா எனக்குச் சோறு போட்டது. ஆகாதுன்னு சொல்லாதீங்க."

அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"நீங்களும் துல்யதாவாய்யா? அப்ப அந்த வார்த்தையச் சொல்றப்ப, எங்க காதுல அது என்னன்னு விழும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

பொள்ளாச்சி பஸ் வந்தது. ரேவதி ஏறிக் கை கொடுத்து அம்மாவை ஏற்றினாள். நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். அந்த நாற்காலியில் இத்தனை வருஷம் உட்கார்ந்ததில், எனக்குத் தெரிந்திருந்ததை நான் மறந்துபோயிருந்தேன் என்பதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது?